கரைக்குத் தனி நாடா

ஆரணியிலிருந்து வந்திருந்த பெரியம்மாவைக் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் தரிசன வரிசையில் தவறவிட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. 2019 ஜூலை மாதம், உச்சி வெயில். என் கையிலிருந்த போனில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. அவர் எண்ணை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மணி போகவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்லும் அந்தக் குரல்கூட வரவில்லை. சில நொடி மௌனம், பிறகு தானாகவே அறுந்துவிடும். பதினைந்து முறையாவது முயன்றிருப்பேன்.

கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு எஸ்எம்எஸ். பெரியம்மாவின் எண்ணிலிருந்துதான். அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரியாது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, எந்த மருத்துவ முகாமின் வாசலில் உட்கார வைத்திருக்கிறேன் என்று அனுப்பியிருந்தாள். போய்ப் பார்த்தபோது பெரியம்மா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கோபம்தான் முதலில் வந்தது.

"போனு கையிலயேதான இருக்குது? ஒரு வார்த்தை பேசினா என்னா?"

"பேசத்தான் பெரியம்மா பாத்தேன். போகல."

"இவ்ளோ பெரிய டவரு தெருமுனையிலயே நிக்குதே!"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது, கோடுகள் முழுசாக இருக்கின்றன, ஏன் பேச முடியவில்லை? ஏனாத்தூர் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கி, ஒரு நகரத்தின் உயிர்ப் பாதுகாப்பு எந்தெந்த இழைகளில் தொங்குகிறது என்பது வரைக்கும் வந்து நின்றேன்.

முதலில் அந்தக் கோடுகள். கோபுரம் இடைவிடாமல் ஓர் அடையாள ஒலிபரப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது நம் போனில் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடுகள் காட்டுகின்றன. மேடையில் பாடுபவரின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பதற்கும், நாம் கூப்பிட்டால் அவர் காதில் விழும் என்பதற்கும் சம்பந்தமில்லை அல்லவா? கோபுரம் நமக்குக் கேட்கிறது. நாம் கோபுரத்துக்குக் கேட்கிறோமா என்பது வேறு கதை.

அந்தக் கதை இப்படிப் போகிறது. 4ஜி போன் ஒன்று பேச விரும்பினால் முதலில் கோபுரத்தின் கதவைத் தட்ட வேண்டும். அதற்கென்று ஒரு செல்லுக்கு 64 விதமான தட்டுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. (ஆயகலைகளின் எண்ணிக்கையே இங்கும் வந்து நிற்பதைப் பார்த்து எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.) போன் அவற்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தட்டும். அதே நொடியில் வேறொரு போனும் அதே தட்டைத் தட்டிவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். இரண்டும் கொஞ்சம் காத்திருந்து மறுபடி தட்டும். சாதாரண நாளில் இந்த மோதல்கள் நமக்குத் தெரியவே தெரியாது, கண் இமைப்பதற்குள் சரியாகிவிடும். ஆனால் ஒரு தெருவுக்குள் பல ஆயிரம் பேர் நிற்கும்போது, காத்திருந்து தட்டியவர்களோடு புதிதாகத் தட்டுபவர்களும் மோதுகிறார்கள். அழைப்பு போகாதவர் உடனே மறுபடி அழுத்துகிறார், நான் பதினைந்து முறை அழுத்தியதைப் போல. நெரிசலைக் கூட்டியவர்களில் நானும் ஒருவன். தட்டித் தட்டியே போன்களின் பேட்டரியும் வடிகிறது.

கதவு திறந்துவிட்டாலும் உள்ளே இடம் வேண்டும். நாட்டில் பரவலாக உள்ள ஒரு 4ஜி செல், 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையோடு, எல்லாம் கூடிவந்த நேரத்தில் விநாடிக்கு 150 மெகாபிட் வரை தரும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. அது எல்லோருக்கும் சேர்த்து. பத்தாயிரம் பேர் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 15 கிலோபிட். ஒரு புகைப்படம் போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும்.

காஞ்சிபுரத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 1,64,000 பேர். அவர்களுக்கும் வழக்கமாக வந்துபோகிறவர்களுக்கும் என்று நட்ட கோபுரங்கள் இவை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருளிய 2019 ஜூலை 1 முதல், ஆகஸ்ட் 17 அன்று மறுபடி நீருக்குள் செல்லும் வரையில் 48 நாட்கள். தரிசித்தவர்கள் ஒரு கோடி என்று சொன்னார்கள். சராசரியாகப் பார்த்தாலே, ஊரில் உள்ளவர்களைவிட அதிகம் பேர் ஒவ்வொரு நாளும் ஊருக்குள் வந்து போயிருக்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி ஒரே கோயிலின் மாட வீதிகளுக்குள். ஜூலை 18 அன்று நெரிசலில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அதனால்தான் இதை வெறும் போன் தொல்லை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வரிசையின் முன்பக்கம் மூச்சு முட்டுகிறது என்ற செய்தி பின்பக்கம் நிற்கும் காவலருக்குச் சில நொடிகளில் போய்ச் சேர்வதும் சேராததும் உயிரைத் தீர்மானிக்கும்.

அப்படியானால் அந்த எஸ்எம்எஸ் மட்டும் எப்படி நுழைந்தது? ஓர் அழைப்புக்கு, பேசி முடிக்கும்வரை ஒரு பாதையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு அது தேவையில்லை. போனும் கோபுரமும் தங்களுக்குள் 'இருக்கிறாயா, இருக்கிறேன்' என்று பரிமாறிக்கொள்ளும் குறுகலான வழி ஒன்று உண்டு. அதன் ஓரத்திலேயே எஸ்எம்எஸ் தொற்றிக்கொண்டு போய்விடும். உடனே போகாவிட்டாலும் மையத்தில் காத்திருந்து, இடம் கிடைத்ததும் போகும். அது சின்னதாக இருப்பதுதான் அதன் பலம். 140 பைட், அவ்வளவுதான்.

அந்த 140 பைட்டுக்குள் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழுக்கு 70 இடம்தான். அதிலும் நாம் ஓர் எழுத்தாக எண்ணுவதைக் கணினி ஒன்றாக எண்ணுவதில்லை. 'வெள்ளம்' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு வகரம், அதன் ஒற்றைக் கொம்பு, ளகரம், அதன் புள்ளி, இன்னொரு ளகரம், மகரம், அதன் புள்ளி என்று ஏழு இடம். ஒரு சொல்லுக்கே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நீளமான செய்தி துண்டு துண்டாக உடைந்து போகும். நெரிசலில் ஒரு துண்டு பிந்தினால் செய்தி முழுமையாகாது. தமிழில் எச்சரிக்கை எழுதுகிறவர்கள் குறள் எழுதுகிறவர்களைப் போல எண்ணி எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் ஆங்கில எழுத்தில் தட்டியதால், அவளே அறியாமல், ஒரே துண்டில் வேலை முடிந்தது.

இதற்கு முன் அத்தி வரதர் வெளியே வந்தது 1979-ல். அப்போது தொலைந்தவர்களைக் கண்டுபிடிக்க ஒலிபெருக்கிதான். 'இன்ன ஊர், இன்ன நிறப் புடவை' என்று அறிவிப்பார்கள். 2019-லும் அதே அறிவிப்பு அதே ராகத்தில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு இப்போது அதன் மேல் பெரிய மரியாதை வந்திருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கோபுரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் 'பிராட்பேண்ட்' என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைக்கிறது. திருவிழாக் கூட்டத்தைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்க்க நூற்றுக்கணக்கான கேமராக்கள் வேண்டும். தெளிவான படம் தரும் ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4ஜி செல்லில் மேலே அனுப்பும் பாதை கீழே வருவதில் பாதிதான். இருபது கேமராவே ஒரு செல்லை முழுசாகக் குடித்துவிடும். ஆகவே கேமராக்களைக் காற்றில் இணைக்க முடியாது, கண்ணாடி இழையில்தான் இணைக்க வேண்டும். கோபுரமே அந்த இழையின் நுனியில்தான் நிற்கிறது.

அந்த இழையை நான் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், தெருவோரம் குழி தோண்டி இணைப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியிடம். மேலுறையைச் சீவி எடுத்த பிறகு மிஞ்சுவது தலைமுடி பருமன். 125 மைக்ரான், மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் ஒளி ஓடுவது அதன் முழுப் பருமனிலும் இல்லை. நடுவில் இருக்கும் 9 மைக்ரான் தண்டில்தான். பட்டுப்புழு தன் வாயிலிருந்து இரண்டு இழைகளை ஒன்றாக ஒட்டி விடுகிறது. அவற்றில் ஒற்றை இழையின் பருமன் ஏறக்குறைய 10 மைக்ரான். காஞ்சிபுரத்துப் புடவையில் ஓடும் மிக மெல்லிய இழையும், காஞ்சிபுரத்துத் தெருவுக்கடியில் ஒளி ஓடும் பாதையும் ஏறத்தாழ ஒரே அளவு என்று தெரிந்த அன்று எனக்குச் சிலிர்த்தது.

ஜன்னல் கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சையாகத் தெரியும், ஒரு மீட்டர் ஆழத்திலேயே ஒளி மங்கிவிடும். 1966-ல் சார்ல்ஸ் காவ் என்ற பொறியாளர், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்துள்ள அழுக்கில்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 2009-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சுகிறது. இங்கிருந்து சென்னைக்கு 75 கிலோமீட்டர் என்றால், கண்ணாடிக்குள் விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி அங்கே போய்ச் சேர ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட வேண்டாம், அதிலும் பாதிக்குக் குறைவே போதும்.

இதே இழை செய்தியைச் சுமப்பதோடு நிற்பதில்லை, தானே உணரவும் செய்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த ஒளிச்சிதறல் கண்ணாடி இழைக்குள்ளும் நடக்கிறது. உள்ளே விட்ட ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறித் திரும்பி வரும். நிறம் மாறிய அந்த ஒளியின் அளவு, அந்த இடத்தின் வெப்பத்தைப் பொறுத்தது. எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதிலிருந்து எந்த இடம் என்று தெரியும். சுரங்கப் பாதைகளின் கூரை நெடுக ஓர் இழையை ஓட்டிவிட்டு, எந்த மீட்டரில் சூடு ஏறுகிறது என்று தீ பிடிக்கும்போதே கண்டுபிடிக்கும் முறை உலகின் பல நகரங்களில் இயங்குகிறது. ராமன் விளைவை நாம் பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். அது சுரங்கங்களில் உயிர் காத்துக்கொண்டிருக்கிறது.

இழைக்கு எதிரி வெள்ளமல்ல. கண்ணாடிக்குள் மின்சாரம் ஓடுவதில்லை, தண்ணீர் புகுந்தாலும் அதிர்ச்சி அடிக்காது. நம் ஊரில் அதற்குப் பெரிய எதிரி ஜேசிபி. சாலை அகலப்படுத்த ஒருவர் தோண்டுவார், கால்வாய்க்கு இன்னொருவர் தோண்டுவார், ஒரு வாளி இறங்கினால் ஒரு பகுதியே மௌனமாகிவிடும். தோண்டும் முன் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள் என்பதற்காகவே 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியை வெளியிட்டது.

அறுந்தாலும் நிற்காமல் இருக்க ஒரு பழைய யுக்தி உண்டு. காஞ்சிபுரத்தின் நான்கு ராஜ வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ராஜ வீதியில் ஊர்வலம் வந்து வழி அடைத்துவிட்டால் நாம் திரும்பி மேற்கு வழியாகச் சுற்றி வந்துவிடுவோம். இழையையும் இப்படி வளையமாகப் போடுகிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். இந்த மாற்றம் விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் நடந்துவிட வேண்டும் என்பது இத்துறையின் நெடுநாள் வழக்கம். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அறுந்ததே தெரியாது.

வளையம் இருந்தும் தோற்ற நாள் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் இறங்கியது. அன்று சென்னையிலும் புறநகரிலும் போன்கள் செத்ததற்குப் பெரிய காரணம் இழை அல்ல, மின்சாரம். கோபுரத்தின் காலடியில் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல். ஜெனரேட்டர் நீருக்குள் மூழ்கிவிட்டாலோ, டீசல் கொண்டுபோக வழியில்லாவிட்டாலோ கோபுரம் வெறும் இரும்புத் தூண்தான். நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகம் பேசிய நகரம், மொட்டை மாடியில் வெள்ளைத் துணியை அசைத்து உதவி கேட்டது. இணையம் எஞ்சியிருந்த இடங்களில் தன்னார்வலர்கள் யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு இருக்கிறது, எங்கே சாப்பாடு இருக்கிறது என்று பொதுப் பட்டியல்களைத் தொகுத்தார்கள். வெள்ளம் நின்ற தெருக்களை வரைபடத்தில் மக்களே குறித்தார்கள். அந்த இரவுகளில் அது செய்த உதவி மிகப் பெரியது. ஆனால் ஜெனரேட்டரை நான்கு அடி உயரத்தில் ஒரு மேடை கட்டி வைத்திருந்தால் எத்தனை பேர் நேரடியாகவே பேசியிருப்பார்கள் என்ற எண்ணமும் எனக்குப் போகவில்லை. வேகத்தை விளம்பரப்படுத்துகிறார்கள். மேடை உயரத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

கேமராக்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் நகரமெங்கும் சிசிடிவி பரப்பியது பலருக்கும் நினைவிருக்கும். சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் அது உதவியது. கூட்டத்தைக் கணிக்கவும் உதவும். அதற்காக, எல்லோர் முகத்தையும் எல்லா நேரமும் சேமிப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்க மாட்டேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் புட்டசாமி வழக்கில் சொல்லியிருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். பிள்ளை எங்கே என்று தேடிய தாய்க்கும் அதே கதவுதான் மூடியது. பாதுகாப்புக்கு என்று கட்டிய பாதையைப் பாதுகாப்பின் பெயரால் அடைப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

நெரிசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது, யார் பேச்சு முதலில் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெளிவு கிடைத்த இடம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு.

2023 அக்டோபரில், தங்கைக்குப் புடவை சொல்லப் போயிருந்தேன். குழித்தறியில் கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குச் சிவப்புக் கரை. சாதாரணப் புடவையில் ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும், ஊடை இழை கரைக்குள்ளும் நுழைந்து நிறத்தைக் கலக்கும். கோர்வையில் அப்படி விடமாட்டார்கள். இந்தக் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, அந்தக் கரைக்கு ஒரு நாடா, மூன்று நாடா. நெசவாளிக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒரு பையன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கரை முடியும் இடத்தில் இரண்டு இழைகளும் கோர்த்துக்கொண்டு திரும்பும். உடலின் மஞ்சள் கரையைத் தொடாது, கரையின் சிவப்பு உடலுக்குள் வராது.

"மூணு நாடா போட்டா வேலை ரெட்டிப்பு ஆவுமே, அண்ணே?" என்று கேட்டேன்.

"ஆவும். ஆனா புடவை எங்க அடி வாங்குது, சொல்லு? ஓரத்துலதான? ஓரத்துக்குன்னு தனியா இழை ஓட்டணும். உடம்பு நைஞ்சாலும் கரை நிக்கும்."

அவர் புடவையைத்தான் சொன்னார். எனக்கு வேறொன்று புரிந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்குள் இருந்த தீயணைப்பு வீரர்கள் பலருக்கு, வெளியேறச் சொன்ன கட்டளை ரேடியோவில் கேட்கவே இல்லை. காவல்துறையின் ரேடியோவும் தீயணைப்புத் துறையின் ரேடியோவும் ஒன்றோடொன்று பேசவும் முடியவில்லை. அந்தப் பாடத்திலிருந்து பல வருட விவாதத்துக்குப் பிறகு 2012-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, மீட்புப் பணியாளர்களுக்கென்றே ஒரு பிராட்பேண்ட் வலைப்பின்னலை உருவாக்கியது. 700 மெகாஹெர்ட்ஸில் ஒரு பட்டையை அதற்கு ஒதுக்கினார்கள். சாதாரண நாளில் பொதுமக்களும் அந்தப் பாதையில் போகலாம். ஆபத்து வந்தால் தீயணைப்பு வண்டிக்கு வழி விலகி நிற்பதைப் போல அவர்கள் தானாக ஒதுக்கப்படுவார்கள். தென் கொரியாவில் 2014 ஏப்ரலில் செவோல் கப்பல் மூழ்கி, பள்ளிப் பிள்ளைகள் உட்பட 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீட்க வந்த அமைப்புகள் ஒரே அலைவரிசையில் பேச முடியாமல் தவித்தது அந்த நாட்டை உலுக்கியது. அவர்களும் நாடு முழுவதற்கும் தனி 4ஜி வலைப்பின்னல் கட்டினார்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இதே போன்ற பிராட்பேண்ட் வலைப்பின்னல் இந்தியா முழுவதற்கும் வேண்டும் என்று 2018 ஜூனில் பரிந்துரைத்தது.

காவலர்கள் இன்னமும் 'மைக்'கை விடாததற்கும் காரணம் உண்டு. பொத்தானை அழுத்தினால் ஒருவர் பேசுவது குழு முழுவதற்கும் கேட்கும். எண் தேட வேண்டாம், மணி அடிக்கக் காத்திருக்க வேண்டாம். கோபுரமே விழுந்தாலும் கைக்கருவியும் கைக்கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். இந்தக் குணங்களை அப்படியே பிராட்பேண்டுக்குள் கொண்டுவரும் தரவிதி 2016-ல் வந்தது. பொத்தானை அழுத்தியதும் விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள் பேச வழி திறந்துவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பேச்சோடு படமும், வீரர் நிற்கும் இடமும் சேர்ந்து போகும். 5ஜியில் ஒரே வலைப்பின்னலைப் பல பாதைகளாகப் பிரித்து, ஒன்றின் நெரிசல் மற்றொன்றைத் தொடாமல் காக்க முடிகிறது. கரைக்குத் தனி நாடா ஓட்டுவது இதுதான்.

தனி வலைப்பின்னலா, பொது வலைப்பின்னலில் தனி வழியா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். வருடத்தில் நான்கு நாள் மட்டும் எடுக்கும் கருவி அந்த நான்கு நாளும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. தினமும் ஓடும் தறிதான் கெட்டுப்போகாது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அது நடந்தது. தறியின் மேல்கட்டையில் வைத்திருந்த அவர் போன், என் சட்டைப் பையில் இருந்த போன், உள்ளறையில் அவர் மனைவியின் போன், எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. வழக்கமான மணி அல்ல, கூர்மையான, விட்டு விட்டு அடிக்கும் சத்தம். என் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன், அப்படியும் அலறியது. பையன் நாடாவைக் கீழே போட்டுவிட்டான். திரையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி: இது சோதனை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக, மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய எச்சரிக்கை முறை அது. அந்த மாதங்களில் மாநிலம் மாநிலமாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இதற்குச் செல் பிராட்காஸ்ட் என்று பெயர். எஸ்எம்எஸ் என்பது தபால்காரர் வீடு வீடாகப் போவது. லட்சம் பேர் என்றால் லட்சம் வீடு. செல் பிராட்காஸ்ட் தமுக்கு அடிப்பது. கோபுரம் ஒரு முறை சொல்கிறது, அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனும் கேட்டுக்கொள்கிறது. கதவைத் தட்ட வேண்டாம், 64 தட்டுகளின் மோதல் இல்லை. பத்துப் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் கோபுரத்துக்கு ஒரே வேலை. யாருடைய எண்ணும் அரசுக்குத் தெரிய வேண்டியதில்லை. வேகவதிக் கரையில் உள்ள கோபுரங்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொன்னால், அந்நேரம் அங்கே நிற்கும் வெளியூர்க்காரருக்கும் கேட்கும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்தின்போது இதே முறையில்தான் போன்கள் அலறின. நிலத்தை உலுக்கும் பெரிய அலை விநாடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நகர்வதற்குள், ரேடியோ அலை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குப் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள நல்லவாடு நினைவுக்கு வந்தது. அந்த மீனவ கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடலின் அலை உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வழக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம், கடல் பொங்கும் என்று எச்சரித்தார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலை வருவதற்குள் ஏறக்குறைய 3,600 பேர் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். கடல் கடந்து வந்த ஓர் அழைப்பும், தெருவில் கட்டியிருந்த ஒரு குழாயும். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் அந்தக் காலை வேறு மாதிரி முடிந்திருக்கும். அத்தி வரதர் பந்தலில் ஒலித்த குழாயின் மேல் எனக்கு மரியாதை வந்ததும் இதை அறிந்த பிறகுதான்.

தறி வீட்டில் அலறல் ஓய்ந்தது. திண்ணையில் நெசவாளியின் தாயார் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பழைய கீபேட் போன் ஒன்று. அது மட்டும் சத்தமே போடவில்லை. புதிதாக விற்கும் கீபேட் போனில் 5 அல்லது 9 எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும் என்று 2016-ல் விதி வந்திருக்கிறது. பாட்டியின் போன் அதற்கும் முந்தியது.

"என்னாடா சத்தம்?" என்றார்.

மகன் குழியிலிருந்து எழுந்து வந்து அவர் காதருகே குனிந்து, திரையில் இருந்ததை முழுக்கப் படித்துச் சொன்னார். சோதனைதான், நெஜமா வெள்ளம் வந்தா இப்படித்தான் சொல்லுவாங்களாம். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பின்னாடி வூட்டு ஆயா தனியா கீது. அதுங்கிட்ட போனே இல்லியே. அதுக்கு யாரு சொல்லுவா?"

பையன் கரை நாடாவை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து பின்வாசல் வழியாகப் போனான்.